கீழக்கரை மோட்டார் விருதுநகரில் ஓடிய விவரம்

விருதுநகர்,
16-5-1964.

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை செய்யது அபுதாஹிர் அவர்களுக்கு, மாமனார் பீர் முகைதீனின் சலாம். இங்கு அல்லாஹ் கிருபையில் அனைவரும் சுகம். கீழக்கரையில் தங்கள் சுகமும் படகின் சுகமும் அறிய ஆவல்.

நிற்க. பெருநாளைக்கு வந்த மாமாதான் படகு மோட்டாரை ஓடாம இறுக வச்சுட்டாக, அது ஓடினால்தான் பைரோஜாவைக் கூப்பிட வருவேன் என்று தாங்கள் சொன்னதாகக் கேள்வி. நான் செய்தது பெட்ரோல் டாங்கியை நிரப்பியது ஒன்றுதான். அதுவும் ஒரு குத்தமா? போகட்டும். என்னோடு இங்கு வந்த மகள் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மோட்டாரை லாரியில் வரவழைத்தேன்.

சிவகாசியில் அச்சு மிஷின் ரிப்பேர் பார்க்கும் கோட்டைச்சாமியிடம் கொண்டுபோனேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இதில் பேப்பர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டான். கடலில் ஓடுவதப்பா என்றேன். கழற்றிப் பார்த்தவன், "எண்ணெய் இல்லாம எந்த மடையனோ ஓட்டியிருக்கான், பிஸ்டன் கவ்விப் பிடிச்சிருச்சு" என்றான். தங்கள் பெயரை நான் சொல்லவில்லை, மாப்பிள்ளை. தங்களுக்காக நானே தலையைக் குனிந்துகொண்டேன். சூடு காட்டினால் இளகும்னு ஊதுவிளக்கைப் பத்தவைக்கப் போனான் பாருங்க, பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில சரம் காயப்போட்டிருக்காக, அம்புட்டுப் பேரும் ஓடிவந்து எங்களை ரோட்டுல நிப்பாட்டிட்டாக. இரும்புச் சுத்தியலும் ஆகாதுன்னுட்டாக. கடைசியில அவுக மரச்சுத்தியலையே இரவல் வாங்கி, நம்ம கடை விளக்கெண்ணெயை, சொட்டுக் கலப்படம் கிடையாது, பிளக் ஓட்டையில ஊத்தி ஊறவச்சுத் தட்டினான். நேத்து ஜும்மா தொழுதுட்டுப் போய்ப் பாக்கேன், சக்கரம் திருகையாட்டம் சுத்துது.

ஓட்டிப் பாக்கத் தண்ணி வேணுமே. இங்கன கண்மாயில பயலுக பந்து விளையாடுறானுக. அதனால பிரியாணி அண்டாவை ரொப்பி, அதுல மோட்டாரை மாட்டி, இந்தா முற்றத்துல ஓடிக்கிட்டு இருக்கு. வீடெல்லாம் தண்ணி. பைரோஜா நனைஞ்சுக்கிட்டே சிரிக்கிறா. பெட்டிகூட அடுக்கிட்டா. வியாழக்கிழமை பஸ்ஸுக்குத் தவறாம வந்துருங்க.

தங்கள் தாயாருக்கு எங்கள் சலாமும், தங்கள் தொழில் பெருக எங்கள் துஆவும்.

இப்படிக்கு,
பீர் முகைதீன்,
எண்ணெய்க்கடை.

பி.கு.: மோட்டாரோடு அனுப்பிய டின் பெட்ரோலிலும் எவனோ எண்ணெயைக் கலந்திருக்கான். முப்பது வருஷம் எண்ணெய் வித்தவன் கண்ணுக்குத் தப்புமா? பெருநாளைக்கு அங்கன செஞ்ச மாதிரியே, அதைச் சாக்கடையில கொட்டிட்டுச் சுத்தமான பெட்ரோலா ஊத்தியிருக்கேன். என்னா ஓட்டம்ங்கிறீக! சத்தம் இப்பத்தான் நின்னுச்சு. கயித்தை இழுத்தா வரமாட்டேங்குதுன்னு பைரோஜா கூப்பிடுறா. என்னன்னு பாத்துட்டு வாரேன்.