காமனை எழுப்பிய புரொக்டரம்மா

“எரிச்சாச்சுங்கம்மா” என்றாள் வீரம்மா.

யோகேஸ்வரிக்குத் தலையில் கைவைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. புருசனைக் கொன்றதாக உள்ளே வைத்திருக்கும் ஒருத்தி, தனக்காகக் கோட்டில் வாதாட வந்த புரொக்டரிடமே, உன் புருசன் எங்கே என்று கேட்டால் இப்படியா பதில் சொல்வாள்?

“இதத்தான பொலிஸ் சார்ஜன்கிட்டயும் சொல்லி உள்ள வந்து உக்காந்திருக்க? இனிமே அந்த வார்த்தையே உன் வாயில வரக்கூடாது. கழுத்துக்குக் கயிறு வந்துரும், தெரியுதா?”

“நெசத்தத்தானே சொல்றேன்” என்று வீரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நெற்றியில் நீளமாக ஒரு தழும்பு இருந்தது. அது என்ன என்று யோகேஸ்வரி கேட்டாள். அவரு தந்ததுங்க என்று, கடையில் வாங்கித் தந்த வளையலைச் சொல்வதுபோலச் சொன்னாள் வீரம்மா. இதைக் கோட்டில் காட்டிவிடாதே, முந்தானையை நன்றாக இழுத்து விட்டுக்கொள் என்று புத்தி சொல்லிவிட்டு வந்தாள் யோகேஸ்வரி.

விஷயம் இதுதான். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மாசி மாதம் காமன் கூத்து நடந்தது. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரிப்பதும், ரதி அழுது புரள்வதும், பிறகு காமன் உயிரோடு எழும்பி வருவதும்தான் கூத்து. இந்த வருசம் காமன் வேசம் வீரம்மாவின் புருசன் அழகுமுத்துவுக்கு. வைக்கோல் காமனை எரித்த பிறகு வேசக்காரன் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்க வேண்டும். அவன் பெண்டாட்டி தாலியைக் கழற்றி, பொட்டை அழித்து, ஒப்பாரி வைக்க வேண்டும். எழுப்புகிற வரைக்கும் அவன் உயிரோடு இருப்பதாகத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. அந்தத் தோட்டத்து வழக்கம் அப்படி.

எரித்தார்கள். எழுப்புவதற்குள் தப்பு மேளச் சத்தம் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குக் கேட்டுவிட்டது. வேலைநிறுத்தத்துக்குத்தான் ஆள் கூட்டுகிறார்கள் என்று மனுசன் பயந்து, குதிரையில் வந்து கூத்தையே நிறுத்திவிட்டார். அதோடு, காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது அழகுமுத்துவைக் காணோம்.

விசாரிக்க வந்தார் சார்ஜன். தாலி இல்லாத கழுத்தோடு ஒருத்தி அழுகிறாள், கேட்டால் எரித்தாச்சு என்கிறாள், காமன் பொட்டலில் சாம்பல் குவிந்து கிடக்கிறது. அவருக்கு வேறென்ன வேண்டும்? சாம்பலைப் பிஸ்கட் டின் ஒன்றில் அள்ளிக்கொண்டார், வீரம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஊரில் எந்தப் புரொக்டரும் இந்த வழக்கைத் தொடவில்லை. யோகேஸ்வரி தொட்டாள். அட்டன் கடைத்தெருவில் அப்பா நாகலிங்கம் பிள்ளையின் புடவைக்கடை மாடியில் அவள் பெயர்ப்பலகை மாட்டியிருந்தாள். அதுவரைக்கும் மாடி ஏறி வந்தவர்கள் எல்லாம் சேலை விலை கேட்டவர்கள்தான். தோற்றுப்போனால் பலகையைக் கழற்றிவிட்டு வந்திருக்கிற சம்பந்தத்தைப் பார்ப்போம் என்று அப்பா நயமாகச் சொல்லிவைத்திருந்தார். யோகேஸ்வரிக்குப் பலகை பெரிதில்லை. வீரம்மாவின் கழுத்துதான் அவள் கண்ணுக்குள் நின்றது. செய்யாத குற்றத்துக்கு ஒரு பெண்ணைத் தொங்கவிடுவதா? தலைகீழாக நின்றாவது அவளை வெளியே கொண்டுவருகிறேன் என்று சபதம் போட்டுக்கொண்டாள்.

கூத்து என்றால் என்னவென்று நீதவானுக்குப் புரிந்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். அதற்குத் தோதான ஆள் கூத்து வாத்தியார் மூக்கன். சிவன் வேசம் கட்டுகிறவர். அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினாள்.

கோட்டு மொழிபெயர்ப்பாளரான முதலியார் நீதவானின் கேள்வியைத் தமிழில் கேட்டார். அழகுமுத்துவை எரித்தது யார்?

மூக்கன் மார்பை நிமிர்த்தினார். “நாந்தாங்க தொரை. எங்கப்பன் காலத்துலேருந்து எங்க குடும்பந்தான் எரிக்கிது. வேற ஆளு கைய வைக்க முடியாது.”

சார்ஜன் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. அன்று மாலை மூக்கனும் உள்ளே போனார். புரொக்டரம்மா ஒருத்தியைக் காப்பாற்ற வந்து இன்னொருத்தரையும் உள்ளே தள்ளிவிட்டார் என்று கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. யோகேஸ்வரி வாசலைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வழக்கின் அடுத்த தவணைக்கு என்ன செய்வது என்று யோசிக்க உட்கார்ந்தாள்.

இதற்கிடையில், இந்தக் குடும்பம் வருசாவருசம் யார் யாரை எரித்தது என்று சார்ஜன் லயம் லயமாகப் போய் விசாரித்தார். எரிந்தவர்களே வரிசையாக வந்து நின்று பெயர் கொடுத்தார்கள். ஒருவர் தன்னை இரண்டு தடவை எரித்ததாகப் பெருமையாகச் சொன்னார். சார்ஜன் வெற்றிலை போடுவதைக்கூட மறந்து திரும்பி வந்தார்.

யோகேஸ்வரிக்கு அது நல்ல சேதியாகப் பட்டது. அடுத்த தவணையில் அதை எடுத்துவைத்தாள். நீதவான் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி போட்டார். மற்றவர்கள் எல்லாரும் எழும்பியிருக்கிறார்கள், இவன் மட்டும் எங்கே?

அவளே தோட்டத்துக்குப் புறப்பட்டுப் போனாள். லயத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. பலகை போட்டு உட்காரவைத்தார்கள், மூக்கனின் தம்பி இராமையா வெறுந்தேநீரும் சீனியும் கொண்டுவந்து கொடுத்தான். ஆனால் அழகுமுத்து எங்கே என்று கேட்டால் எல்லாரும் மலையைப் பார்த்தார்கள். எழுப்பாத காமனை எப்படிக் காட்டுவது என்றார்கள்.

“சரி, எழுப்புனா வருவாரா?”

இராமையா மற்றவர்களைப் பார்த்தான். மற்றவர்கள் இராமையாவைப் பார்த்தார்கள். “எழுப்புனா வந்துதானேங்க ஆகணும்” என்றான் அவன்.

இது போதும் அவளுக்கு. நேரே பங்களாவுக்கு ஏறினாள். என் தோட்டத்தில் தப்புச் சத்தமே கேட்கக்கூடாது என்று துரை கதவைச் சாத்தினார். எழுப்ப வேண்டிய சிவனோ விளக்கமறியலில் இருந்தார். வேறு யாராக இருந்தாலும் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். யோகேஸ்வரி கோட்டில் எழுந்து நின்று, அப்படியானால் கோட்டு வளவிலேயே காமனை எழுப்ப உத்தரவு வேண்டும் என்று கேட்டாள்.

சார்ஜன் குதித்தார். சாம்பலைப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பப் போகிறேன், அதன் முடிவு வரட்டும் என்றார். அந்தச் சாம்பல் இல்லாமல் காமன் எழும்ப மாட்டான், அது சாமி காரியம், எழுப்பியதும் ஆற்றில் கரைக்க வேண்டியது என்று யோகேஸ்வரி விடாமல் வாதாடினாள். “உயிரோட இருக்கிற ஆள நான் கொண்டாந்து நிப்பாட்டுறேன். அப்புறம் சாம்பல் எதுக்கு?” என்று முதலியாரிடம் தமிழிலும், நீதவானிடம் இங்கிலீசிலும் கேட்டாள். நீதவானுக்கும் காமனைப் பார்க்க ஆசை வந்திருக்க வேண்டும். உத்தரவு கிடைத்தது.

அன்றைக்கு அட்டனில் பாதிக் கடைகள் பூட்டு. பனி மூட்டத்தில் கடலைக்காரருக்கு நல்ல வியாபாரம். மூக்கன் சிவன் வேசத்தில், ஒரு கையில் உடுக்கையும் மறு கையில் விலங்குமாக வந்தார். விலங்கின் அடுத்த முனையில் இருந்த பொலிஸ்காரனும் சிவனோடு சேர்ந்து ஆட வேண்டியதாயிற்று. தப்பு முழங்கியது. பிஸ்கட் டின்னிலிருந்து சாம்பலை எடுத்துத் தூவினார்கள். மறைத்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி விலகியது.

காமன் எழும்பி நின்றான். முகம் முழுக்கப் பச்சைச் சாயம், தலையில் காகிதக் கிரீடம், கழுத்துக் கொள்ளாத மாலை. பெண்கள் குலவையிட்டார்கள். வீரம்மா விழுந்து விழுந்து அழுதாள். யோகேஸ்வரிக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சாயத்தைத் துடைத்துக் காட்டச் சொன்னார் நீதவான். தோட்டத்து ஆற்றில்தான் கழுவ வேண்டும், இங்கே கழுவினால் மறுபடி செத்துவிடுவான் என்றார் மூக்கன். இன்னொரு தடவை இதையெல்லாம் விசாரிக்க நீதவானுக்குத் தெம்பில்லை. இது யார் என்று கங்காணியைக் கேட்டார், கணக்குப்பிள்ளையைக் கேட்டார். அழகுமுத்து என்றார்கள். துரையைக் கேட்டார். துரை என்றைக்குத் தொழிலாளியின் முகத்தைப் பார்த்தார்? கூடைக் கொழுந்தைத்தான் பார்ப்பார். ஆமாம் அவன்தான் என்று தலையாட்டினார். கடைசியாக வீரம்மாவைக் கேட்டார்கள். “எம் புருசந்தானுங்க” என்று அவள் கும்பிட்டாள்.

இரண்டு பேரும் விடுதலை. மீதிச் சாம்பலைத் தோட்டத்துக்காரர்கள் மரியாதையாக டின்னோடு வாங்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார்கள். செய்யாத குற்றத்திலிருந்து ஒரு பெண்ணை மீட்டாயிற்று என்று யோகேஸ்வரி அன்று வயிறாரச் சாப்பிட்டாள். பலகை மாடியிலேயே இருக்கட்டும் என்றார் அப்பா. சம்பந்தக்காரர்களுக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

சில நாள் கழித்து அவள் மாடியிலிருந்து இறங்கும்போது, கடையில் வீரம்மா உட்கார்ந்திருந்தாள். அப்பா கூறைப் புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். காமன் எழும்பினால் தாலியைத் திரும்பக் கட்ட வேண்டுமே, அதற்குத்தான் போலிருக்கிறது என்று யோகேஸ்வரிக்கு மனம் குளிர்ந்தது. சிவப்பில் நல்லதாக எடுத்துக் காட்டுங்கள் என்று அப்பாவிடம் சொன்னாள்.

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை வெட்கப்பட்டுத் திரும்பினான். தேநீர் கொடுத்த இராமையா. அவன் காதுக்குப் பின்னால் பச்சைச் சாயம் இன்னும் சரியாகப் போகவில்லை.

யோகேஸ்வரி படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “வீரம்மா, அழகுமுத்து எங்கே?”

வீரம்மா புடவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மொத நாளே சொன்னேனேம்மா, எரிச்சாச்சுன்னு. நீங்கதான் நம்பல.”