அட்ஜஸ்ட் அக்கா

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்காகத் திருச்சியில் பாதிப் பேரோடு சண்டை போட்டவள் எங்கள் அட்ஜஸ்ட் அக்கா. மீதிப் பாதிப் பேர் தப்பித்ததற்குக் காரணம், அவர்கள் அக்கா போன பஸ்ஸில் ஏறவில்லை என்பதுதான்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லேடீஸ் ஹாஸ்டலில் எனக்கு ரூம்மேட். ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடும் வேலை. கே.கே. நகரில் புருஷன் வீட்டை விட்டு ஒற்றைப் பையோடு வந்தவள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நிஜப் பெயர் ஒன்று உண்டு. வார்டனுக்கே அது மறந்துபோனது.

வந்த அன்றைக்கே சாம்பாரில் பருப்பைத் தேடினாள். கிடைக்கவில்லை. "புதுசா வந்திருக்கீங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார் வார்டன். அவ்வளவுதான். அக்கா தட்டைக் கீழே வைத்தாள்.

"மேடம், ஸ்கூட்டர்ல பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணலாம். ஃபேன் ஸ்பீடை அட்ஜஸ்ட் பண்ணலாம். திருகினா சரியாகிற சாமானுக்கு உண்டான வார்த்தைங்க அது. என் உடம்புல எங்கங்க திருகு இருக்கு?"

வார்டன் அவளை மேலும் கீழும் பார்த்தார், நிஜமாகவே தேடுவது போல. மறுநாளும் பருப்பு இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டுக்கு நாலாவதாக ஒரு அம்மா வந்து, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "அட்ஜஸ்ட் பண்ணி உட்காரும்மா" என்றார்.

"அதுக்கு நம்மகிட்டயே நல்ல வார்த்தை இருக்குங்க. நசுங்கு. நசுங்கி உட்காருன்னு சொல்லுங்க, உட்காருறேன்."

அந்த அம்மா சற்று யோசித்துவிட்டு, "சரி, நசுங்கு" என்றார். அக்கா நசுங்கினாள். காவிரிப் பாலம் முழுக்க என் மேல்தான் நசுங்கினாள்.

கோயில் வரிசையில் ஒரு மாமா குடும்பத்தோடு குறுக்கே புகுந்து, "க்ஷமிக்கணும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ" என்றார். "அதுக்கு 'வழிவிடு'ன்னு எந்த டிக்‌ஷனரியிலயும் அர்த்தம் இல்ல மாமா" என்று அக்கா ஆரம்பித்தது சன்னதி வரைக்கும் ஓயவில்லை. உள்ளே, பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு என் காதில் சொன்னாள்: "காலை நீட்டிப் படுத்தும் யாரும் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லாத ஒரே ஆளு, இந்த ஊர்ல இவருதாண்டி."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பிலியபுரத்திலிருந்து அவள் அப்பா வந்தார். கூடவே புருஷன். "நீயும் வாடி, தனியா உட்கார முடியாது" என்று விசிட்டர் ரூமுக்கு என்னையும் இழுத்துப் போனாள். புருஷன் போனைத் தடவிக்கொண்டிருந்தான். அப்பா தோள் துண்டை எடுத்துச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார்.

"தங்கச்சியைப் பொண்ணு பார்க்க வந்தவங்க, மூத்தவ ஏன் ஹாஸ்டல்ல இருக்கான்னு கேக்குறாங்கம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போயிடேன்."

ஜன்னல் கண்ணாடி நொறுங்கப் போகிறது என்று காத்திருந்தேன். அக்கா மெதுவாகத்தான் பேசினாள்.

"அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு போன்ல தேடிப் பார்த்தேம்ப்பா. லத்தீன்ல, கிட்டக்க கொண்டுவர்றதுன்னு அர்த்தமாம். பின்னால வந்தவங்க, அதுக்குள்ள 'ஜஸ்ட்', நியாயம்ங்கிற வார்த்தை இருக்குன்னு தப்பா நெனச்சு அதையும் சேத்துக்கிட்டாங்களாம். அந்த வீட்டுல யாரும் என் கிட்டக்க வரலப்பா. நியாயமும் இல்ல. நான் மட்டும்தான் நகர்ந்துக்கிட்டே இருந்தேன். இப்ப முதுகுல சுவர் இடிக்குது."

புருஷன் நிமிர்ந்து மாமனாரிடம், "என்னவாம்?" என்றான்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா. உன் மாமியார் சொல்லச் சொன்னதைச் சொன்னேன்."

"சரி, நம்ம பேச்சுல சொல்லுங்கப்பா."

அவர் துண்டை மறுபடியும் சுருட்டினார். "பொறுத்துக்கம்மா" என்றார். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

அக்கா அவர்களோடு போய்விட்டாள். பையை நான்தான் ஆட்டோவில் ஏற்றினேன். "தோத்துட்டேன்ல?" என்று கேட்டாள். அதற்குள் ஆட்டோ திரும்பிவிட்டது. தங்கைக்குக் கல்யாணம் நன்றாகவே நடந்தது.

இப்போது அந்த வீட்டில் அவளைத் தனியாக வெளியே விடுவது ஞாயிற்றுக்கிழமை காய் வாங்க மட்டும். பாதியாக இளைத்துவிட்டாள். சண்டையெல்லாம் விட்டாயிற்று. காய்க்காரர் அழுகல் தக்காளியை அள்ளித் தராசில் போட்டாலும் பேசாமல் பையை நீட்டுகிறாள். அவளுக்கும் சேர்த்து நான்தான் அவரிடம் கத்துகிறேன். அக்கா அளவுக்கு எனக்குக் கத்த வரவில்லை.

எங்கள் ஹாஸ்டலில் சமைக்க அடுப்பு கிடையாது. இருந்தாலும் ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்து கே.கே. நகர் சந்தைக்குப் போகிறேன். அவள் பொறுக்கி முடிக்கிற வரைக்கும் நானும் கத்திரிக்காய் பொறுக்குகிறேன்.