மூன்று நாள் யோக்கியர்

சர்க்கரை நோயில் இத்தனை வகை என்று வைத்தியர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். படித்தவர்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்கள் புத்தகத்தில் ஏறாத வகை ஒன்றை நான் கண்டுபிடித்திருக்கிறேன். மூன்று நாள் யோக்கியர். உங்கள் வீட்டிலோ, மாடி வீட்டிலோ, அலுவலகத்தில் அடுத்த மேசையிலோ நிச்சயம் ஒருவர் இருப்பார்.

சாதாரண நாட்களில் இவரை அடையாளம் காண முடியாது. எல்லோரையும் போலத்தான் தின்பார். சொல்லப்போனால் எல்லோரையும்விடக் கொஞ்சம் கூடுதலாக. ஆனால் திங்கட்கிழமை காலை ரத்தப் பரிசோதனை என்றால் வெள்ளிக்கிழமை விடியும்போதே இவருக்கு ஞானம் பிறந்துவிடும். டீயில் சர்க்கரை கூடாது என்பார், பிஸ்கட் டப்பாவைக் கண்டால் கடன்காரனைக் கண்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பீரோவுக்குப் பின்னால் கிடந்த நடைப்பயிற்சி ஷூவை எடுத்துத் தூசி தட்டுவார், ஒரு வாரமாக மறந்துபோன மாத்திரையை மணியடித்தாற்போல் விழுங்குவார், வெள்ளரிக்காயை மென்றுகொண்டே எதிரில் சாப்பிடுகிறவரைப் பார்த்து, "இப்படித் தின்னா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று கவலைப்படுவார். திங்கட்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் வைத்த பஞ்சு காய்வதற்குள் எதிர்க்கடை பேக்கரியில் நிற்பார். பழைய குருடி, கதவைத் திறடி. பரிசோதனைக் கூடத்துக்கு எதிரே பேக்கரி வந்தது தற்செயல் என்றா நினைக்கிறீர்கள்?

இந்த இனத்துக்கே திலகம் என் அக்கா வீட்டுக்காரர். கணக்கு வாத்தியார். முப்பத்தோரு வருஷமாகப் பரீட்சை அறையில் காலுறைக்குள்ளும் சட்டைக் கைமடிப்பிலும் ஒளித்துவைத்த துண்டுக் காகிதங்களை மோப்பம் பிடித்து எடுத்தவர். "கடைசி நேரத்துல நாலு பக்கம் படிச்சுட்டு வந்து என்னை ஏமாத்தலாம்னு பாக்காதே. ஏமாறப்போறது நான் இல்ல, நீ" என்று அவர் சொல்லாத வகுப்பு கிடையாது. அப்பேர்ப்பட்டவர், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூன்று நாள் பத்தியம் இருந்து, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, வந்த முடிவைக் கண்ணாடி உறை போட்ட கோப்பில் செருகி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விரித்துக் காட்டுவார்.

"நூத்தி நாலு. பாத்தியா மாப்ள?"

"மூணு நாள் பட்டினி கிடந்தா யாருக்குத்தான் வராது?" என்பாள் அக்கா.

"உங்க அக்காவுக்குப் பொறாமை" என்பார் மாமா.

பாவம், பழைய டாக்டர் என்ன செய்வார்? காகிதத்தைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார், அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். அவர் வைத்தியம் பார்த்தது வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் மட்டும் உயிரோடிருக்கும் ஒரு யோக்கியருக்கு. மீதி முந்நூற்று ஐம்பத்து மூன்று நாள் நடமாடுகிற ஆசாமியை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மாமா மூன்று வருஷம் மறைத்துக் காட்டினார்.

கடைசியில் அந்த யோக்கியமே காலை வாரியது. மூலையில் கிடந்து விறைத்துப்போன ஷூவைப் போட்டுக்கொண்டு மாமா மூன்று நாள் வேகவேகமாக நடந்ததில், இடது கால் சுண்டுவிரலைக் கடித்துவிட்டது. சின்னப் புண். ஒரு மாதமாகியும் ஆறவில்லை.

"வலிக்குதா மாமா?" என்று கேட்டேன்.

"துளிகூட வலிக்கல. அப்புறம் என்ன?"

அதானே, வலிக்காத புண்ணுக்கு என்ன வைத்தியம் என்று நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

துவைக்கப் போட்ட காலுறையில் கறையையும் நாற்றத்தையும் கண்டு பயந்தவள் அக்கா. அவர் காலைப் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனி கறுத்திருந்தது. அன்றைக்கே இழுத்துக்கொண்டு போனாள், துணைக்கு நானும் போனேன். பழைய டாக்டரின் இடத்தில் புதிதாக ஒரு பெண் டாக்டர் இருந்தார். புண்ணைப் பார்த்ததும் உடனே ரத்தம் எடுக்கவேண்டும் என்றார்.

மாமாவுக்கு வியர்த்துவிட்டது. "மூணு நாள் கழிச்சு வரட்டுமா டாக்டர்?"

அந்த அம்மாள் எத்தனை யோக்கியர்களைப் பார்த்தவரோ, சிரித்துவிட்டார். "இது மூணு மாச சராசரியைக் காட்டுற டெஸ்ட் சார். இதை ஏமாத்தணும்னா மூணு மாசம் பத்தியம் இருக்கணும்."

"மூணு மாசம் இருந்தா அது ஏமாத்து இல்லையே?"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

முடிவு வந்தது. கண்ணாடி உறைக்குள் வைக்கிற மாதிரி இல்லை. "வலிக்கலையே டாக்டர்" என்று கடைசியாக ஒரு முறை வாதாடிப் பார்த்தார். "சர்க்கரை ஏறி நரம்பு மரத்துப்போச்சு சார். வலிச்சிருந்தா அடுத்த நாளே வந்திருப்பீங்க. அப்பவே வந்திருந்தா கட்டும் மருந்தும் போதும்" என்றார் டாக்டர். இப்போது போதவில்லை. பாதத்தைக் காப்பாற்ற விரலை எடுக்கவேண்டியதாயிற்று.

மறுநாள் வார்டில், கட்டுப் போட்ட காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த மாமா மெதுவாகச் சொன்னார்: "பத்துக்கு ஒம்பது."

நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பாடம் நடத்தினார். தினமும் இரண்டு காலையும் விரலிடுக்கு உட்படப் பார்க்கவேண்டும், வெறுங்காலோடு நடக்கக்கூடாது, சிறு கீறலானாலும் வலிக்காகக் காத்திராமல் வரவேண்டும், மாத்திரையை நிறுத்தக்கூடாது. மாமா நல்ல மாணவனாகக் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடாமலே கேட்டார்:

"அடுத்த டெஸ்ட் எந்தத் தேதி டாக்டர்?"

நாய் வாலை நிமிர்த்த முடியுமா? டாக்டர் அக்காவைப் பார்த்தார். "தேதியை அம்மாகிட்ட மட்டும் சொல்லியிருக்கேன் சார்."

திடீர்ப் பரீட்சை வைத்தே பிள்ளைகளை நடுங்கவைத்த மனிதர் இப்போது தினமும் காலையில் அக்காவின் முகத்தைப் பார்த்து நடுங்குகிறார். வேறு வழியில்லாமல் எல்லா நாளும் யோக்கியராக இருக்கிறார்.

எனக்குத்தான் சர்க்கரை கிடையாதே என்று சிரிக்கிறீர்களா? பல் டாக்டரிடம் போகும் அன்று மட்டும் பத்து நிமிஷம் பல் தேய்த்தது யார்? எடை மேடையில் ஏறும்போது வயிற்றை எக்கியது யார்? "சிகரெட்டா, எப்பவாவது ஒண்ணு" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து அந்த எப்பவாவதைப் பற்றவைத்தது நானா?

நானும் யோசித்துத்தான் எழுதுகிறேன். சற்றுமுன் பக்கத்து மேசைக்காரர் கேக் நீட்டினார். "வேண்டாங்க, உடம்பைப் பாத்துக்கணும்ல" என்று சொல்லிவிட்டு வெள்ளரிக்காயைக் கடித்தேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. எனக்குத் திங்கட்கிழமை காலை.

உங்களுக்கு என்றைக்கு?