அஞ்சாவது மெத்தை

கேரள எல்லைக்குள் இருக்கும் மீனாட்சிபுரத்துக் குப்பண்ணன் அன்று காலை சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு, வீட்டு வாசலிலேயே நின்று அறிவித்தார்.

"இன்னிக்குப் பாலக்காட்டுக்குப் போறோம். மாட்டுக்கு மெத்தை வாங்கறோம். மாட்டுக்கு மெத்தை மட்டுந்தான் வாங்கறோம்."

'மட்டும்' என்பதை அவர் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தென்னந்தோப்பும் நாலு கறவை மாடும் உள்ள மனிதர். ஊர்க்கூட்டத்தில் அவர் எழுந்தால் நாலு பேர் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் கடையில் யாராவது சிரித்த முகத்தோடு எதிரே வந்து நின்றால் 'வேண்டாம்' என்ற ஒரு வார்த்தை அவருடைய தொண்டையைத் தாண்டாது. ஒருத்தர் முகம் வாடும்படி பேசிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அதனால் மிக்ஸிக்கு வாஷர் வாங்கப் போனவர் மிக்ஸி வாங்கி வந்தார். செருப்புக்குத் தையல் போடப் போனவர் ஷூ வாங்கி வந்தார். வழுக்கைத் தலையில் முடி முளைக்க வைக்கும் எண்ணெயை ஒரு பெண் அன்பாக நீட்ட, அதையும் வாங்கி வந்தார். வாங்கிய பாவத்துக்கு ஒரு மாதம் தேய்க்கவும் செய்தார். தலையணை உறைதான் எண்ணெயானது.

"இப்ப நம்மகிட்ட ஒரு வித்தை இருக்குது அம்மணி," என்றார் மனைவி சரஸ்வதியிடம், பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டே. "மலையாளத்துக்காரங்க கடைன்னா 'மலையாளம் தெரியாதுங்க'ம்பேன். பொள்ளாச்சிக் கடைன்னா 'தமிழ் அறியில்லா'ம்பேன். அவங்களுக்கும் வருத்தமில்லை, நமக்கும் செலவில்லை. போன வாரம் பொள்ளாச்சியில தண்ணி மெசினு விக்கற பையன் எங்கிட்ட வாயத் தொறந்தான். ஒரே வார்த்தை. பேசாமப் போயிட்டான், பாவம்."

குப்பண்ணன் பத்தாவது வரை படித்ததே மலையாளத்தில்தான். சொசைட்டி ஆண்டு விழாவில் அரை மணி நேரம் மலையாளத்தில் பேசி, முன்வரிசையில் இருந்த அதிகாரியைத் தூங்க வைத்தவர்.

"நல்ல வித்தைங்க," என்றாள் சரஸ்வதி. கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள். "ஏனுங்க, மாட்டுக்கு எதுக்குங்க மெத்தை?"

"சிமெண்டுத் தரையில படுத்து முட்டி தேயுது. வாயில்லாச் சீவன்."

"எனக்கு வாயிருக்குது. மூணு வருசமாச் சொல்றேன், முதுகு தேயுதுன்னு. நம்ம கட்டில்ல கெடக்கறது மெத்தையா? நீங்க படுத்துப் படுத்து நடுவுல குழி விழுந்து கெடக்குது. நான் அதுக்குள்ள உருண்டு போகாம, கட்டில் சட்டத்தைப் புடிச்சுட்டே தூங்கறேன்."

"மாடு பால் குடுக்குது."

"கறக்கறது யாருங்க?"

குப்பண்ணன் ஹாரன் அடித்தார். எதிரே ஒரு வண்டியும் வரவில்லை.

கடை ரப்பர், கயிறு சாமான்கள் விற்கும் பெரிய கடை. இடது பக்கம் தொழுவத்தில் விரிக்கும் கறுப்பு ரப்பர் மெத்தைகள், வலது பக்கம் மனுசர் படுக்கும் மெத்தைகள். உள்ளே கால் வைத்ததுமே நீலச் சுடிதார் போட்ட ஒரு பெண், பல வருடம் பழகியவள் மாதிரி சிரித்துக்கொண்டு ஓடி வந்தாள். சட்டையில் ஜோமோள் என்று பெயர் குத்தியிருந்தது.

"வரூ சேட்டா, வரூ சேச்சி! எந்தா வேண்டது?"

குப்பண்ணன் கைகூப்பினார். "எனக்கு மலையாளம் தெரியாதுங்க கண்ணு."

"ஐயோ, எனிக்கு தமிழ் அறியில்லல்லோ!" பெண்ணின் முகம் வாடியது. குப்பண்ணனுக்கு மனசு கொஞ்சம் கஷ்டப்பட்டது. ஆனாலும் ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷமாகவும் இருந்தது. அவள் அப்படியே சரஸ்வதி பக்கம் திரும்பினாள். "சேச்சிக்கு மலையாளம் அறியாமோ?"

"பின்னே! நல்லோணம் அறியாம்," என்றாள் சரஸ்வதி.

நன்றாகவே தெரியுமாம்! வித்தையில் இப்படி ஒரு ஓட்டை இருக்கும் என்று குப்பண்ணன் நினைத்துப் பார்க்கவில்லை. சரி, நம்ம சரசுதானே என்று தேற்றிக்கொண்டார்.

"மாட்டு மெத்தை நாலு வேணும்னு சொல்லு."

"பசுவினு மேட் அஞ்செண்ணம்," என்று மொழிபெயர்த்தாள் சரஸ்வதி.

குப்பண்ணனுக்குத் திக்கென்றது. மாடு நாலு. அஞ்சாவது யாருக்கு? கேட்க வாயைத் திறந்தார். கேட்டால் மலையாளம் புரிந்தது என்று ஆகிவிடும். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற பெண்ணிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்வதா? பக்கத்தில் வேறு நாலு பேர் நின்று பார்க்கிறார்கள். திறந்த வாயைக் கொட்டாவியாக்கி மூடினார்.

ஜோமோள் இருவரையும் வலது பக்கம் அழைத்துப் போனாள். "சேச்சி, ஈ மெத்தயில் ஒந்நு கிடந்நு நோக்கூ."

சரஸ்வதி உட்கார்ந்தாள். பிறகு படுத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகம் அப்படித் தளர்ந்து பார்த்து எத்தனையோ காலமாயிற்று. குப்பண்ணனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. பையிலிருந்த பர்ஸைத் தொட்டதும் அது சரியாகிவிட்டது.

கண்ணைத் திறக்காமலே சரஸ்வதி தமிழில் கேட்டாள். "ஏனுங்க, தாகமா இருக்குதுங்களா?"

இருந்தது. பலமாகத் தலையாட்டினார்.

"சேட்டனு இஷ்டாயி," என்றாள் சரஸ்வதி ஜோமோளிடம், எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே. "எடுத்தோளான் பறஞ்ஞு."

பிடித்துவிட்டதாம், எடுத்துக்கொள்ளச் சொன்னாராம்! குப்பண்ணன் தலையாட்டலைப் பாதியில் நிறுத்தினார். மனைவியைப் பார்த்துக் கண்ணை உருட்டினார், புருவத்தைத் தூக்கினார், காலால் அவள் செருப்பை மிதித்தார்.

"சேட்டனு எந்து பற்றி?" என்று பதறினாள் ஜோமோள்.

"ஒந்நுமில்ல. சந்தோஷம் வந்நால் அங்ஙனெயா."

சந்தோஷம் வந்தால் இப்படித்தானாம். இனி பொறுப்பதில்லை என்று முடிவு செய்தார் குப்பண்ணன். மலையாளம்தானே தெரியாது? தமிழ் தெரியுமே! கடையே கேட்கும்படி சொன்னார். "சரசு, எனக்கு மெத்தை கித்தை ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிப்போடு!"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கடைக்குள் நின்று 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டார். உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது.

சரஸ்வதி அதை அட்சரம் பிசகாமல் சொன்னாள். "சேட்டனு மெத்த வேண்டாத்ரே." பிறகு சொந்தமாக ஒரு வரி சேர்த்தாள். "அதுகொண்டு சிங்கிள் மதி."

ஒற்றை மெத்தை போதுமாம். விலை பாதியாகக் குறைந்ததே என்று குப்பண்ணனுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. அந்த நிம்மதியில் அவர் வேறெதையும் யோசிக்கவில்லை.

பில் போடும் இடத்தில் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். தொண்டையைச் செருமினார். ஜோமோள் சிரித்த முகத்தோடு எதிரே நின்றாள். 'வே' என்பது வரை வந்தது.

"வேகமா அடிச்சுக் குடு கண்ணு," என்று முடித்து, காசைக் கட்டினார்.

சாமான்களை வண்டியில் ஏற்றியதும் ஜோமோள் ஜன்னலோரம் வந்து நின்றாள். "பாத்துப் போயிட்டு வாங்கண்ணா. மழையா இருக்குதுங்க, மெத்தை மேல தார்ப்பாயைப் போட்டுக்குங்க."

குப்பண்ணன் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். அதிர்ச்சியில் வாயில் வந்ததே மலையாளம்தான். "அப்போ நினக்கு தமிழ் அறியாமோ?"

"நான் கொழிஞ்சாம்பாறைப் புள்ளைங்கண்ணா, வீட்டுல பேசறதே தமிழ்தான். தமிழ் தெரியாதுன்னு வெச்சுக்கிட்டாத்தான், நீங்க வேண்டாம்னு சொல்றது எனக்குக் கேக்காது," என்றவள், அதே சிரிப்போடு கேட்டாள். "சேட்டன் மலையாளம் எப்போளா படிச்சது?"

மீனாட்சிபுரம் வரும்வரை வண்டிக்குள் எந்த மொழியிலும் பேச்சில்லை.

சாயங்காலம் தொழுவத்தில் நாலு மெத்தை விரித்தாயிற்று. மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு ராஜகுமாரிகள் போலப் படுத்துக்கொண்டன. அதைப் பார்த்ததில் கோபம் கொஞ்சம் ஆறிப்போய், சாப்பிட்டுவிட்டுப் படுக்கையறைக்கு வந்தார் குப்பண்ணன். குழி விழுந்த பழைய மெத்தையைக் காணவில்லை. கட்டிலின் ஒரு பாதியில் புதுமெத்தை. அதன்மேல் கால் நீட்டி, கண்மூடி, சட்டத்தைப் பிடிக்காமல் சரஸ்வதி படுத்திருந்தாள்.

"சரசு, பழைய மெத்தை எங்க?"

"குப்பைக்குழியில. குழியோட குழி சேந்தாச்சுங்க."

"அப்ப நான் எதுல படுக்கறது?"

"நீங்கதானே எனக்கு மெத்தை வேண்டாம்னு கடையே கேக்கச் சொன்னீங்க? நீங்க சொன்னதைத்தானுங்க நானும் சொன்னேன்."

குப்பண்ணன் கட்டிலின் மறுபாதியைப் பார்த்தார். வெறும் பலகையின் மேல், அளவாக, கறுப்பாக, புது ரப்பர் வாசத்தோடு விரிந்து கிடந்தது அஞ்சாவது மெத்தை.

சரஸ்வதி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"பயப்படாமப் படுங்க. முட்டி தேயாது."