ஜே.பி. சொன்னால் சவரும் நல்ல தண்ணி

பெயருக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பார்த்து முடித்த பிறகே நடுவில் நிற்கும் மனிதரைப் பார்க்கிற ஒரு பிறவி நம்மிடையே உண்டு. கலியாண வீட்டில், கோயில் கூட்டத்தில், பஸ்ஸில் உங்களை நெருக்கிக்கொண்டு, எங்கும் இவரைக் காணலாம். புதிதாக ஓர் ஆளை அறிமுகப்படுத்திப் பாருங்கள். "ஐயா என்னவாய் இருக்கிறார்?" என்பார். "சும்மாதான் இருக்கிறார்" என்று பதில் வந்ததோ, முகத்தில் இருந்த சிரிப்பை மடித்து மடியில் செருகிவிடுவார்.

புங்குடுதீவு அப்புத்துரையர் இதில் அசல் சரக்கு. ஓய்வுபெற்றுப் பல்லும் கொட்டிவிட்ட ஓவசியர் அவருக்கு இன்றைக்கும் "வாருங்கோ ஓவசியர்" தான். தன் சொந்த மனைவி மனோகரியோ வெறும் "இஞ்சாரும்". தன் பெயரையாவது சும்மா விட்டாரா? ஒரேயொரு திருவிழாவுக்குக் கோயில் பொருளாளராக இருந்தவர், அன்றிலிருந்து மரண அறிவித்தலுக்குக்கூட 'முன்னாள் பொருளாளர்' என்று போட்டுத்தான் கையெழுத்து வைக்கிறார்.

எண்பத்தாறில் அவர் பகுதியின் கிராம முன்னேற்றச் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. போட்டி இருவருக்கிடையில். ஒருவர் ஆழ்வாப்பிள்ளை, ஜே.பி. அதாவது சமாதான நீதவான். கடதாசியைக் கொண்டுபோனால் முத்திரை குத்தி உண்மைப் பிரதி என்று கையெழுத்து வைப்பவர். மற்றவர் இளையதம்பி. கொழும்பில் இருந்த கடை எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்துபோக, உடுத்த சாரத்தோடு ஊர் திரும்பியவர். பெயருக்கு முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை.

வாசிகசாலையில் கூட்டம். எங்கள் தீவில் கூட்டமென்றால் பட்டமுள்ளவருக்குக் கைபிடி வைத்த கதிரை, இல்லாதவருக்கு வெறும் வாங்குப் பலகை. போட்டியிடுகிறவராயிருந்தாலும் இளையதம்பிக்கு வாங்குதான்.

ஜே.பி. எழுந்தார். "ஊர்க் கிணத்துக்கு மிசின் பூட்டுவன். வீட்டு வாசலுக்குக் குழாயிலை தண்ணி வரும். தோட்டத்துக்கும் வரும்."

கைதட்டல் ஓய முன்னரே இளையதம்பி துள்ளி எழுந்தார். "ஐயோ, கேளுங்கோ! உள்ளது ஒரு நல்லதண்ணிக் கிணறு. மிசினாலை இழுத்தால் அடியிலையிருந்து சவர் ஏறும், பிறகு உப்புத் தண்ணிதான். அப்புத்துரை அண்ணையின்ரை கிணத்துக்கு என்ன நடந்தது? அவரையே கேளுங்கோ!"

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும்? அப்புத்துரையர் மிளகாய்த் தோட்டத்துக்கென்று தன் வீட்டுக் கிணற்றுக்கு மிசின் பூட்டி, இரவு பகலாக இறைத்து, நல்ல தண்ணீரைத் தீர்த்துக் கடலை உள்ளே கூப்பிட்டவர். அதற்குப் பிறகுதான் மனோகரி ஊர்க் கிணற்றுக்குக் குடம் தூக்கத் தொடங்கினாள். இளையதம்பி சொன்னதையே அன்று காலையில் அவரும் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

அவர் எழுந்தார், தொண்டையைச் செருமினார். "என்ரை கிணத்துக்கு மிசின் பூட்டினது நான். நான் ஆர்? வெறும் முன்னாள் பொருளாளர். ஒரு ஜே.பி. பூட்டினால் அப்பிடி வருமே?"

அவ்வளவுதான். கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது அவருடைய கை.

மிசின் வந்தது. குழாய் வந்தது. தண்ணீரும் வந்தது, பொய் சொல்லக்கூடாது. புகையிலைத் தோட்டமெல்லாம் குளிக்கக் குளிக்க ஊரே ஜே.பி.யைப் புகழ்ந்தது. மழைக்கு இன்னும் நாளிருக்க, மனோகரி ஒருநாள் தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டுத் தூவென்று துப்பினாள்.

"இஞ்சாருங்கோ, சவர்!"

"உமக்கென்ன தெரியும்? நான் ஜே.பி.யிட்டைக் கேட்டனான். இது சவரில்லையாம், தண்ணி கொஞ்சம் தடிப்பாம்" என்றார் அப்புத்துரையர். சொன்னதோடு நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழுக் குவளையையும் குடித்து, "நல்லாத்தான் இருக்கு" என்றும் சொன்னார். அவர் நாக்கு அவரிடம் சொன்னது அவருக்குக் கேட்கவேயில்லை. நாக்குக்கு ஏது பட்டம்?

கொஞ்ச நாளில் அந்தத் தண்ணீரை மாடும் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. ஜே.பி. வீட்டுக்கு மட்டும் யாழ்ப்பாண பஸ்ஸில் கலன் கலனாக நல்ல தண்ணீர் வந்து இறங்கியது. மற்றப் பெண்களெல்லாம் வெயிலில் வெகுதூரம் நடந்து அடுத்த வட்டாரத்துக் கிணற்றில் வரிசை நின்றார்கள். பாவம், அந்த வட்டாரத்தார் பேசிய பேச்சையும் அவர்களே கேட்டார்கள்.

முழங்கால் வீங்கி மனோகரிக்குக் குடத்தோடு நடக்க ஏலாமல் வந்த அன்று, வேறு வழியின்றி அப்புத்துரையரும் கூடப் போனார். அங்கே வாளியோடு இளையதம்பி நின்றார்.

"தம்பி, நீர் சொன்னது சரியாப் போச்சு" என்றார் இவர்.

இளையதம்பியின் முகம் மலர்ந்தது. மலர்ந்து என்ன? இவர் இன்னும் முடிக்கவில்லையே.

"ஆனால் பிழை உம்மிலைதான். ஒரு ஜே.பி.யாவது எடுத்துப்போட்டு வந்து சொல்லியிருக்கலாமெல்லே? நாங்கள் எப்பிடி நம்புறது?"

இளையதம்பி தன் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார். மனோகரி விடவில்லை. நிறைந்த குடத்தைத் தூக்கிக் கணவரின் தோளில் வைத்தாள்.

"முன்னாள் பொருளாளர் நடவுங்கோ!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்கக்கூடாது. இதைப் படிக்கத் தொடங்கமுன் எழுதியவர் கலாநிதியா, பண்டிதரா என்று உங்கள் கண் மெல்ல ஒருதரம் தேடியதே, அது எதற்கு? ஒன்றும் இல்லாததைக் கண்டு, "இவன் ஆர் எங்களுக்குச் சொல்ல?" என்று ஒரு நினைப்பும் வந்துபோனதோ? வந்திருந்தால் வீட்டில் ஒரு குடம் எடுத்துவையுங்கள். அடுத்த வட்டாரத்துக் கிணறு கொஞ்சம் தூரம்.