சிலிக்கான் சித்தரின் செப்புத் தகடு

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி என்றால் ராகுகாலம். இலுப்பூரில் யாரும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள். ஆனால் போன ஆவணியில் அதே நேரத்தில்தான் ஊர் ஜனங்கள் கம்ப்யூட்டர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மொபெட்டின் முன்னால் பெட்டியை நிறுத்தி இரண்டு முழங்காலாலும் அணைத்துப் பிடித்தபடி ஒருவர். உரச்சாக்கில் போட்டுத் தோளில் சுமந்தபடி ஒருவர். கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண்ணையும் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

எல்லோரும் போனது ஒரு பழைய நெல் கிட்டங்கிக்கு. அங்கேதான் சிலிக்கான் சித்தர் அருள்பாலித்துக்கொண்டிருந்தார்.

சித்தரின் பழைய பெயர் ஆத்மநாதன். பழைய தொழில், பேருந்து நிலையத்தில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுவது. குமிழி இல்லாமல் ஒட்ட வரவில்லை. கண்ணாடி ஒட்ட வராதவருக்கு ஞானம் வந்தது. ஞானம் வந்தவருக்குத் தாடி வந்தது. தாடி வந்தபின் எதுவும் வரும்.

"மின்சாரத்துக்கு அதிபதி யாரு?" என்று கேட்பார் சித்தர்.

"ராகு!" என்று கூட்டம் கத்தும்.

"கம்ப்யூட்டரு எதுல ஓடுது?"

"மின்சாரத்துல!"

"அப்பறம் என்னத்துக்குய்யா மெக்கானிக்கிட்டப் போறீங்க? அவன் பாகத்த மாத்துவான். நான் பாவத்த மாத்துறேன். பெட்டிக்குள்ள நெனப்பு வெச்சிருக்கிற துண்டுக்குப் பேரு என்ன? ராம்! வெள்ளக்காரனே பகவான் பேரத்தான் வெச்சிருக்கான். பீடை புடிச்சுட்டா அதுல பேரு மட்டுந்தான் இருக்கும். பகவான் எறங்கிப் போயிருவாரு!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அதில் பாதிப் பேர் பட்டம் வாங்கியவர்கள். மீதிப் பேர் பட்டம் வாங்கியவர்களைப் பெற்றவர்கள்.

வெறும் பேச்சென்றால் இத்தனை கூட்டம் வந்திருக்காது. சித்தர் கண் முன்னால் காட்டினார். கொண்டுவந்த பெட்டியை மேசைமேல் வைத்து, அதில் ஒரு விளையாட்டை ஓடவிடுவார். திரையின் மூலையில் ஒரு நம்பர் தெரியும். ஒரு நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்ற கணக்கு அது. நம்பர் ஏறினால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும். இறங்கினால் திக்கித் திணறும். "பாத்துக்கங்க, பதினெட்டு!" என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பட்டுத்திரையை இழுப்பார். பெட்டி, கீபோர்டு, சித்தர் மூன்றும் உள்ளே. சாம்பிராணிப் புகை மட்டும் வெளியே. ஐந்து நிமிடம் மணியோசை. திரை விலகும்போது பெட்டிக்குள் ஒரு செப்புத் தகடு ஒட்டியிருக்கும். மூலையில் நம்பர் ஐம்பத்தெட்டு!

அந்த ஐம்பத்தெட்டைப் பார்த்து வாயைப் பிளந்தவர்களில் பீட்டரும் ஒருவன்.

பீட்டர் தனியார் பேருந்தில் நடத்துநர். முப்பத்தாறு வயது. சில்லறை விஷயத்தில் யாராலும் ஏமாற்ற முடியாதவன். அவனிடம் இருந்தது ஓர் அலுவலகம் கழித்து ஏலம் விட்ட பழைய டெஸ்க்டாப். இந்த வயதில் அவனுக்கு எதற்கு விளையாட்டு என்று தெருவில் சிரித்தார்கள். காரணம் கத்தாரில் இருந்தது. அவன் தம்பி பிரிட்டோ அங்கே லிஃப்ட் பராமரிப்பு வேலைக்குப் போய் ஆறு வருடம். போனில் பேசினால் "சாப்டியா?", "சாப்டேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் இருவரும் கார்ப் பந்தய ஆட்டத்தில் சேர்ந்தால் மட்டும் இரண்டு மணி நேரம் பேசுவார்கள். கை வண்டியை ஓட்டும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும். சூப்பர்வைசர் திட்டியது, தூக்கம் வராதது, ஊருக்கு வந்துவிடலாமா என்று தோன்றுவது எல்லாம் பிரிட்டோ அப்போதுதான் சொல்வான்.

ஆட்டத்துக்குப் புதிய பதிப்பு வந்ததும் பீட்டரின் பெட்டி மூச்சு வாங்கியது. வளைவில் எல்லாம் உறைந்து நின்றது.

"அண்ணே, எங்கூட ஆடுற நாலு பேரு ஒனக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறானுக. சரி பண்ணு. இல்லன்னா விட்டுரு" என்றான் பிரிட்டோ.

அந்த 'விட்டுரு' பீட்டருக்கு உறைத்தது.

அவன் மனைவி ஷர்லி ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீசியன். அவள் அன்றைக்கே வழி சொன்னாள். "மொதல்ல தொறந்து தூசியத் தட்டுவோம். கையில இருக்கிற காசுக்கு வேகமான டிஸ்க்கு, எஸ்.எஸ்.டி. ஒண்ணு போடுவோம். தீவாளி போனஸ் வந்தா, படத்த ஓட்டுறதுக்குப் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு பாப்போம். ஒண்ணொண்ணாப் பண்ணுனா போதுங்க."

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. சித்தருக்கோ ஐந்து நிமிடம் போதும். அடுத்த செவ்வாய்க்கிழமை பீட்டர் பெட்டியோடு வரிசையில் நின்றான்.

கழுத்தில் சிலுவையைப் பார்த்ததும் சித்தர் தயங்கவில்லை. "எங்கிட்ட சாதி மதமெல்லாம் கெடையாது தம்பி" என்று சொல்லி, சிலுவை பொறித்த தகடு ஒன்றை இழுப்பறையிலிருந்து எடுத்தார். பிறை பொறித்ததும் பக்கத்திலேயே இருந்தது. மத நல்லிணக்கத்துக்கு அந்த இழுப்பறை ஓர் எடுத்துக்காட்டு. காணிக்கை மட்டும் எல்லா மதத்துக்கும் ஒன்றுதான், மூவாயிரம்.

பத்தொன்பது ஐம்பத்தாறானது. பீட்டர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

வெள்ளிக்கிழமை ஆட்டம் தொடங்கியது. முதல் சுற்று வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது சுற்றில் வண்டி நடுச்சாலையில் நின்றது. நின்றது நின்றதுதான். கம்ப்யூட்டர் மொத்தமாக உறைந்துவிட்டது.

"முன்னாடியாச்சும் வந்து செவத்துல மோதுன. இப்ப வரவே இல்ல. நாங்க வேற ஆளச் சேத்துக்கிறோம்ண்ணே" என்று போனில் சொல்லிவிட்டுப் பிரிட்டோ வைத்துவிட்டான். அன்றைக்குச் 'சாப்டியா'கூட இல்லை.

பீட்டர் சித்தரிடம் ஓடினான். சித்தர் கண்ணை மூடி, விரலை மடக்கி, ஒரு கேள்வி கேட்டார். "வீட்டுல இதையெல்லாம் நம்பாதவுக யாரும் இருக்காகளா?"

"எம் பொஞ்சாதி..."

"அதான்! அவுக நெழலு பட்டா தகட்டுச் சக்தி எறங்கிரும். பெரிய தகடு போடணும். ஏழாயிரம்."

வீட்டுக்கு வந்த பீட்டர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் விழுந்த அவள் நிழலைப் பார்த்தான்.

"ஷர்லி, நீ கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நில்லேன்."

விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு முகம் சிவந்தது. பத்து வருடம் கூட வாழ்ந்தவளின் நிழல் ஒரு தாடிக்காரன் வாயால் தீட்டாகிவிட்டது. கத்தப்போகிறாள் என்று பீட்டர் நினைத்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எம் மேலதான் தப்புன்னா அதையும் டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம். ஆட்டத்தப் போடுங்க. நம்பரச் சொல்லுங்க."

அவள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். ஐம்பத்தாறு. தெருவுக்குப் போய் நின்றாள். ஐம்பத்தாறு. பெட்டியைத் திறந்து தகட்டைப் பிய்த்து அடுப்படியில் போட்டுவிட்டு வந்தாள். அப்போதும் ஐம்பத்தாறு.

திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "ஏங்க, இந்த ரோட்டுல மரத்துக்கெல்லாம் எலை இருந்துச்சே, எங்க?"

"எலையுதிர் காலமா இருக்கும்" என்றான் பீட்டர்.

"வண்டிக்கு நெழலும் இல்லயே? அதுவும் உதிர்ந்துருச்சா?"

ஆட்டத்தின் செட்டிங்ஸைத் திறந்தாள். எல்லாம் அடிமட்டத்தில் கிடந்தது. இலை இல்லை, நிழல் இல்லை, படத்தின் தெளிவு பாதி. வரைய வேண்டியதைக் குறைத்தால் வேகம் கூடத்தானே செய்யும்? எல்லாவற்றையும் பழையபடி ஏற்றினாள். நம்பர் பதிமூன்றுக்கு இறங்கியது. சித்தரிடம் போவதற்கு முன்பு பத்தொன்பது!

"பழைய நெலமையவிட மோசமா இருக்கு. உள்ள ரெண்டு ராம் துண்டு இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான் இருக்கு. அதான் அன்னைக்குப் பாதியில ஒறைஞ்சு நின்னுருச்சு. இன்னொண்ணு எங்க?"

"அதுல பீடை இருக்குன்னு எடுத்துட்டாரு. அமாவாசை அன்னைக்குக் கொளத்துல கரைச்சிருவாராம்."

"அது என்ன உப்பாங்க, கரையிறதுக்கு?"

பீட்டர் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். கள்ள ரூபாய்த் தாளைத் தொட்டாலே கண்டுபிடிக்கிற கை அது. ஷர்லி சிரிக்கவில்லை. "வெக்கப்பட்டுக்கிட்டு ஒக்காந்தா அந்தாளு இன்னும் பத்துப் பெட்டியத் தொறப்பான். எந்திரிங்க. செவ்வாக்கெழமை நானும் வாரேன்."

செவ்வாய்க்கிழமை கிட்டங்கியில் நிற்க இடமில்லை. பீட்டர் பெட்டியை மேசைமேல் வைத்தான். ஷர்லி ஆட்டத்தை ஓடவிட்டாள். நம்பர் பதிமூன்று.

"வாங்கம்மா, மனசு மாறுனதுக்குச் சந்தோசம்" என்றார் சித்தர். "பெரிய தகடு போட்டா அறுபதத் தாண்டும்."

"தாண்டட்டும் சார். எல்லாருக்கும் தெரியிற மாதிரிப் போடுங்க. எம்புட்டு மந்திரம் வேணும்னாலும் சொல்லுங்க. இந்தக் கீபோர்டையும் மவுசையும் மட்டும் நான் மடியில வெச்சுக்கிறேன்."

'சார்' என்றதிலேயே சித்தருக்கு முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது.

"கீபோர்டு இல்லாம எப்படிம்மா? மந்திரத்த டைப் பண்ணணும்."

"ராகுவுக்கு டைப்பிங் படிச்சவங்கதான் வேணுமா?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியதும் சித்தருக்கு வேறு வழியில்லை. தகட்டை ஒட்டினார். மணியடித்தார். சாம்பிராணியைக் கொட்டினார். புகையில் முன்வரிசை இருமியது. நம்பர் பதிமூன்று. குரலை உயர்த்தினார். பதிமூன்று. உடுக்கையை எடுத்தார். பன்னிரண்டு.

"அவநம்பிக்கைக்காரவுக இருக்கிற எடத்துல..." என்று தொடங்கினார்.

"சரி, இப்ப எங்க வீட்டுக்காரரு முறை" என்றாள் ஷர்லி.

பீட்டர் முன்னால் வந்தான். தகட்டைப் பிய்த்தான். நடத்துநர் பையிலிருந்து ஒரு பேருந்து டிக்கெட்டைக் கிழித்துப் பெட்டிக்குள் போட்டான். ஷர்லி கீபோர்டில் கை வைத்து, என்ன செய்கிறாள் என்பதை ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னாள். "நெழல எடுக்குறேன். எலைய எடுக்குறேன். படத்துத் தெளிவக் கொறைக்கிறேன்." திரையில் மரங்கள் மொட்டையாகின. நம்பர் சரசரவென்று ஏறி ஐம்பத்தேழில் நின்றது.

"பாத்துக்கங்க" என்றான் பீட்டர், பேருந்தில் கூவும் குரலில். "எலுப்பூரு டு வெராலிமல டிக்கெட்டுக்கு இம்புட்டுச் சக்தி!"

கூட்டத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தும் முத்துமாரியம்மாள் எழுந்தார். "அப்ப எங்க கடை மிசின்ல பீடைன்னு எடுத்தியே, அந்த அஞ்சு துண்டு எங்கய்யா?"

"கொளத்துல..."

ஷர்லி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இவருகிட்ட பூசை பண்ணுன புது ராம்னு யாராச்சும் வாங்குனீங்களா?"

திருமயம் பக்கத்திலிருந்து காரில் வந்திருந்த லக்ஷ்மணன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். பட்டுத்துணியில் சுற்றிச் சந்தனப்பொட்டு வைத்த துண்டை அப்போதுதான் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஷர்லி சந்தனத்தைத் துடைத்தாள். அடியில் ஒரு ஸ்டிக்கர். முத்துமாரியம்மாளின் கடைப் பெயரும் போன் நம்பரும்.

அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. சித்தர் ஞானம் வருவதற்கு முன்பிருந்த வேகத்தில் பின்வாசலுக்கு ஓடினார். அங்கே கூட்டத்தின் இன்னொரு பாதி நின்றது. இழுப்பறைக்குக் கீழே இருந்த அட்டைப்பெட்டியில் குளத்தில் கரைந்ததாகச் சொன்ன துண்டுகள் நாற்பத்தொன்று இருந்தன. ஒன்றுகூட நனைந்திருக்கவில்லை. போலீஸ் வரும்வரை அவரவர் துண்டை அவரவர் தேடினார்கள். அந்தச் சந்தடியில் ஒரு பெரியவர் பீட்டரின் காதோரம் வந்து, "தம்பி, அந்த டிக்கெட்டக் குடுப்பீங்களா? வீட்டுல வெச்சுக்கிறேன்" என்று கேட்டதையும் சொல்லிவிட வேண்டும். இதைத்தான் முன்னேற்றம் என்கிறோம்.

பீட்டரும் ஷர்லியும் பெட்டியைக் கழற்றி, விசிறியில் அப்பியிருந்த தூசியைத் தட்டினார்கள். மீட்ட துண்டை மாட்டினார்கள். எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கிப் போட்டார்கள். தீபாவளிக்குப் புதுக்கோட்டையில் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று பார்த்தார்கள். ஷர்லி அதைக் கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சூட்டைப் பார்த்தபிறகுதான் பணத்தை எடுத்தாள். கடைக்காரர் சலித்துக்கொண்டார். சலித்துக்கொள்ளட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை மரங்களில் இலை இருந்தது. வண்டி வளைவில் நிற்கவில்லை. மூன்றாவது சுற்றில் பிரிட்டோ சொன்னான், "அண்ணே, தை மாசம் லீவு கேட்டிருக்கேன்." பீட்டர் ஓட்டுவதை விட்டுவிட்டான். வண்டி சுவரில் மோதி நின்றது. இந்தத் தடவை குற்றம் கம்ப்யூட்டருடையது அல்ல.

இப்போது குளத்தூர்ப் பக்கம் வைஃபைக்கு வாஸ்து பார்க்கிற ஒருவர் வந்திருப்பதாகக் கேள்வி. வியாழக்கிழமை டோக்கனாம். போகிறவர்கள் போகலாம், ஒன்றை மட்டும் யோசித்துவிட்டு. பெட்டிக்குள் இருக்கும் ராமை ஒருவன் கழற்றினால் வேறொன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். மண்டைக்குள் இருப்பதை நீங்களே கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டால், அதற்கு உதிரிபாகம் எந்த ஊர்க் கடையிலும் விற்பதில்லை.