நெட்டி முறித்து நாய் பழக்கியது

தெரியாது என்ற சொல் என் வாயில் அவ்வளவு சுலபமாக வராது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கொள்ளேகாலிலிருந்து மைசூருக்கு வந்து முப்பது வருடமாகியும், பஸ் போர்டு படிக்க முடியாமல் தப்பான வண்டியில் ஏறி இறங்கியிருக்கிறேனே தவிர, ஒருவரிடமும் கேட்டதில்லை. (கேட்டால் என் கௌரவம் என்னாவது?)

அந்தக் கௌரவம்தான் எங்கள் ராகியைத் தெருவுக்கு அனுப்பப் பார்த்தது. ராகி, நான் எடுத்து வளர்த்த நாட்டு நாய். களி உருண்டை நிறம். அன்புக்குக் குறைவில்லை, ஆளைக் கண்டால் மேலே தாவிவிடும். நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மா. கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழ் கலந்து பேசுவார். ஒரு நாள் படியேறி வந்தார்.

"நோடிம்மா, வர்ற மாசம் என் மக கைக்குழந்தையோட வர்றா. தொட்டில் போடறோம். அதுக்குள்ள உங்க நாய் சொன்ன பேச்சு கேட்டு உட்காந்தா இருக்கட்டும். தாவினா பேடா, வேண்டாம். எங்கயாவது விட்டுடுங்க."

"கேக்காம எங்க போயிரும்? நான் சொன்னா கேக்குமுங்க" என்றேன். (அதுவரை சோற்றுக்குக் கூப்பிட்டால் மட்டும்தான் கேட்டிருந்தது.)

மருமகள் சுதா, கிளிக்கர் என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பி வாங்கி வந்தாள். "அத்தை, 'உட்கார்'னு சொல்லுங்க. உட்கார்ந்த அந்த நொடியில இதை அமுக்கணும். டக்குனு சத்தம் வரும். உடனே ஒரு துண்டு பிஸ்கட். சத்தம் கேட்டா தீனி நிச்சயம்னு அதுக்குப் பதிஞ்சிரும்."

"எனக்குத் தெரியும் கண்ணு. நீ வேலைக்குப் போ."

முதல் நாளே, பிஸ்கட் வாசம் ஏறிய டப்பியைப் படியில் வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வந்தால் ராகி அதைக் கடித்து நொறுக்கியிருந்தது. மருமகளிடம் சொல்வதா? நானா? சில்லுகளைக் கூட்டி எறிந்துவிட்டு யோசித்தேன். வேண்டியது டக் என்ற சத்தம்தானே? என் விரலில் இல்லாத சத்தமா?

"உட்கார்" என்பேன். உட்கார்ந்ததும் ஒரு நெட்டி முறிப்பேன். டக். பிஸ்கட். ராகி மூன்றே நாளில் பிடித்துக்கொண்டது. சிக்கல் என் பக்கம்தான். பத்து விரலுக்குப் பத்து நெட்டி. அதற்குமேல் எவ்வளவு இழுத்தாலும் சத்தம் வராது. பதினோராவது தடவை உட்கார்ந்த நாய் என் கையையே பார்க்கும். நானும் என் கையையே பார்ப்பேன்.

"ஏன் அத்தை கையைப் பிசைஞ்சிட்டே இருக்கீங்க?" என்றாள் சுதா.

"குளிருது கண்ணு" என்றேன். சித்திரை மாதம்.

தொட்டில் நாள் வந்தது. கீழ்வீட்டுக் கூடம் நிறையப் பெண்கள். ராகியைக் கயிற்றோடு கூட்டிப்போய், எல்லாரும் பார்க்க, "உட்கார்" என்றேன். கலெக்டர் மாதிரி உட்கார்ந்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் கயிற்றை விட்டுவிட்டேன். (பெருமை வந்தால் கையில் கயிறு நிற்காது.)

அப்போது வயதான அம்மா ஒருவர் தொட்டிலில் குனிந்து, "என்ன அழகு, கண்ணு பட்டுடும்" என்று குழந்தையின் கன்னத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறித்தார்.

ராகியின் காது நிமிர்ந்தது. நேரே போய் அவர் முன்னால் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தது. அதற்குள் குழந்தையின் அத்தை முறித்தாள். அங்கே ஓடி உட்கார்ந்தது. திருஷ்டி கழிப்பதில் பெண்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பார்களா? கூடமே பட்டாசுக் கட்டாக வெடித்தது. ராகி ஆளுக்கு ஆள் ஓடி ஓடி உட்கார்ந்தது. ஒருத்தரும் ஒரு துண்டும் தரவில்லை. கடைசியில் தானே எடுத்துக்கொண்டது. ஒரு தட்டு ஒப்பட்டு, நம் ஊர்ப் போளி.

சுதா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அத்தை, கிளிக்கர் எங்க?"

அத்தனை பேர் முன்னால் பொய் எதுவும் அகப்படவில்லை. "அதை முதல் நாளே ராகி கடிச்சுத் துப்பிருச்சு கண்ணு. அன்னையிலிருந்து என் விரலைத்தான் முறிக்கிறேன்."

கூடத்தில் எழுந்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. ராகியோடு நாமும் தெருவுக்குத்தான் என்று நினைத்து நின்றேன். வீட்டுக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இத்தனை பேர்ல ஒருத்தர் மேலயும் தாவலை, பார்த்தீங்களா? உட்காந்துதான் கேட்டது. இருக்கட்டும் விடுங்க."

ராகி இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு இப்போது இரண்டு வயது. பாட்டி வீட்டுக்கு வந்தால் ராகியின் பின்னாலேயே திரிவாள். போன வாரம் யாரோ அவளைக் கொஞ்சி நெட்டி முறித்தார்கள். பிள்ளை விறுவிறுவென்று போய் ராகியின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையை நீட்டியது.

"இதை யார் பழக்கினது?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். நான் மறுக்கவில்லை. பிஸ்கட் எடுக்க மாடிக்குப் போனேன்.